மேஜர் ஆகும் வரை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் கம்பெனியில் முன்பு வேலை பார்த்த ஒரு தம்பி போன் செய்தான். அவனுக்கும் மனைவிக்கும் ஒத்துவரவில்லை. சமரச மையத்தில் நான்கு தடவை உட்கார்ந்து பேசிவிட்டார்கள், இரண்டு பேரும் சேர்ந்தே விவாகரத்து மனு போடுவது என்று முடிவாகியிருக்கிறது. ஆறு வயதில் ஒரு பையன். வக்கீல் எழுதிக் கொடுத்த தாளைப் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டு, "அண்ணா, நீங்க இதெல்லாம் பார்த்தவங்க, ஒரு தடவை படிச்சுட்டு சரியா இருக்கான்னு சொல்லுங்கண்ணா" என்றான். படித்தேன். மாதம் எவ்வளவு, எந்தத் தேதிக்குள், ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குப் பையனைக் கூட்டிப்போய் எத்தனை மணிக்குத் திரும்ப விட வேண்டும், நகை, சீர்ப் பாத்திரம், எல்லாம் வரி வரியாக இருந்தது. ஐந்தாவது பத்தியின் கடைசியில் மூன்று சொல் இருந்தது: "மேஜர் ஆகும் வரை". அதற்கு மேல் என்னால் படிக்க முடியவில்லை. என்னுடைய தாளிலும் அதே மூன்று சொல்தான் இருந்தது. அதற்குக் கீழே நான் கையெழுத்துப் போட்டு 12 வருடம் ஆகிறது.

அன்றைக்கு அவனுக்கு உடனே பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது போனில் அடங்காது என்று தோன்றியது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் விவாகரத்து ஒப்பந்தம் எழுதப்பட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 2013 ஜூன், திருச்சியில் ஒரு வக்கீல் ஆபீஸ் மாடி. பையனுக்கு எட்டு வயதுகூட ஆகவில்லை. அவன் செலவுக்கு மாதம் இவ்வளவு என்று அவனுடைய மாமா 8,000 கேட்டார், என் சித்தப்பா 5,000 என்றார், கடைசியில் 6,000 ரூபாயில் வந்து நின்றது. அதற்கு முக்கால் மணி நேரம் ஆனது. பீரோவும் கட்டிலும் யாருக்கு என்பதற்கு இன்னொரு அரை மணி நேரம். எதுவரைக்கும் கொடுப்பது என்பதை யாரும் கேட்கவில்லை. குமாஸ்தா டைப் அடித்துக்கொண்டே தானாக "மேஜர் ஆகும் வரை" என்று சேர்த்தார், வாசித்துக் காட்டினார், எல்லாரும் தலையாட்டினோம். அவனுடைய அம்மாவும் தலையாட்டினார். எட்டு வயதுப் பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு 18 வயதை நினைத்துப் பார்க்க யாருக்கு முடியும்? அப்போது அவனுக்கு ஷூ லேஸ் கட்டத் தெரியாது.

2013 ஜூலை முதல் மாதா மாதம் 5-ஆம் தேதி பணம் போட்டேன். ஒரு மாதம்கூடத் தவறவில்லை. கொரோனா ஊரடங்கில் திருப்பூரே மூடிக் கிடந்தபோது, கம்பெனியில் பாதிச் சம்பளம் வந்த மாதங்களிலும் அந்த 6,000 போனது. இதில் எனக்கு ஒரு பெருமை இருந்தது. விவாகரத்து ஆன ஆண்கள் பலர் கோர்ட் உத்தரவு இருந்தும் கொடுக்காமல் இழுத்தடிப்பதை நேரில் பார்த்திருக்கிறேன், நான் அந்த வகை இல்லை என்று மனதுக்குள் சொல்லிக்கொள்வேன். ஆனால் 2013-இல் 6,000 ஆக இருந்தது 2023-இலும் 6,000 ஆகவே இருந்தது. அவனுடைய அம்மா உயர்த்திக் கேட்டு மனு போட்டிருக்கலாம், சட்டத்தில் அதற்கு இடம் இருக்கிறது. தனியார் பள்ளி டீச்சர் வேலையில் லீவு போட்டு வாய்தா வாய்தாவாக அலைய அவரால் முடியவில்லை. நானாக ஏற்றிக் கொடுத்திருக்கலாம். உத்தரவில் இல்லை என்று விட்டுவிட்டேன்.

2023 அக்டோபர் 5. பணத்தை அனுப்பிவிட்டு வாட்ஸ்அப்பில் ஒரு வரி எழுதினேன்: "14-ஆம் தேதியோடு தம்பிக்கு 18 ஆகிறது. கோர்ட் ஆர்டர்படி இது கடைசி." ஒரு மணி நேரம் கழித்து "சரி" என்று மட்டும் பதில் வந்தது. அதைப் பார்த்தபோது எனக்கு நிம்மதியாக இருந்தது. 124 மாதம். எதையும் பாக்கி வைக்காமல் முடித்துவிட்டேன் என்ற நிம்மதி. அடுத்த மாதமே ஒரு பைக் எடுத்தேன், அந்த 6,000 அப்படியே அதன் தவணைக்குப் போய்விட்டது.

அப்போது அவன் என்ஜினீயரிங் முதல் வருடம், முதல் செமஸ்டர். கல்லூரியில் சேர்ந்து இரண்டு மாதம்கூட முழுசாக ஆகியிருக்கவில்லை. நம் ஊர் நடைமுறையில் இது எத்தனை வீடுகளில் இப்படி வந்து விழுகிறது என்று பிற்பாடுதான் யோசித்தேன். ப்ளஸ் டூ தேர்வு மார்ச்சில், ரிசல்ட் மே மாதம், கவுன்சிலிங் ஜூலை, ஆகஸ்டில். ஐந்து, ஐந்தரை வயதில் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைக்கு ப்ளஸ் டூ முடிக்கும்போது 17 நடக்கும், கல்லூரியில் கால் வைத்த கொஞ்ச நாளில் 18 ஆகும். அதுவரைக்கும் பள்ளி பீஸ், டியூஷன் என்று இருந்த செலவு அந்த வருடத்தில்தான் காலேஜ் பீஸ், ஹாஸ்டல், மெஸ், லேப்டாப் என்று நாலு மடங்காகிறது. சரியாக அந்த மாதத்தில் ஒரு கை விலகிக்கொள்ளலாம் என்று தாள் சொல்கிறது. வேண்டுமென்றே தேடிப் பிடித்தாலும் இதைவிட மோசமான ஒரு மாதம் கிடைக்காது.

பேக்கரியில் ஒரு சனிக்கிழமை

2024 ஜூலையில் பையன் போன் செய்தான். "அப்பா, சனிக்கிழமை திருப்பூர் வரட்டுமா? ஒரு அரை மணி நேரம் போதும்." அவன் படிக்கும் கல்லூரி கோயம்புத்தூர்ப் பக்கம். என் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்பது மாதத்தில் நான் ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. பிறந்தநாளுக்குப் பேசினேன், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பேசினேன், அவ்வளவுதான். முன்பெல்லாம் 5-ஆம் தேதி பணம் போட்டதும் "போட்டாச்சு" என்று ஒரு மெசேஜ் போகும், அதைச் சாக்காக வைத்து "தம்பி என்ன பண்றான், மார்க் என்ன" என்று நாலு வரி பேச்சு நடக்கும். பணம் நின்றதும் அந்த நாலு வரியும் நின்றது. மாதம் ஒரு நாள் அவனை நினைக்க வேண்டிய கட்டாயம் எனக்கு இருந்திருக்கிறது, அது போனதும் நினைப்பதே குறைந்துவிட்டது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் நடந்தது அதுதான்.

பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு பேக்கரியில் உட்கார்ந்தோம். டீயும் தேங்காய் பன்னும் சொன்னேன். சின்ன வயதில் தேங்காய் பன் என்றால் உள்ளே இருக்கும் பூரணத்தை மட்டும் தோண்டித் தின்றுவிட்டு மீதியை என்னிடம் நீட்டுவான். இப்போது முழுசாகச் சாப்பிட்டான். மீசை நன்றாக வளர்ந்திருந்தது, ஆனால் மணிக்கட்டு அப்படியே குச்சி மாதிரி. சாப்பிட்டு முடித்து, கையைக் கழுவி, கர்சீப்பில் துடைத்துவிட்டுத்தான் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் ஃபைலை எடுத்தான். போனஃபைட் சான்றிதழ், பீஸ் விவரம், பத்தாவது, பன்னிரண்டாவது மார்க் ஷீட், முதல் வருட மார்க், எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருந்தது. கல்விக் கடன் விண்ணப்பம்.

"பணம் எதுவும் வேண்டாம்பா" என்றுதான் ஆரம்பித்தான். "கோ-அப்ளிகண்ட்னு அப்பா அம்மா ரெண்டுல ஒருத்தர் கையெழுத்துப் போடணும். அம்மாவுக்கு ஸ்கூல்ல சம்பளத்தைக் கையில கொடுக்கறாங்க, ஸ்லிப் கிடையாது. பேங்க்ல சேலரி ஸ்லிப் உள்ளவங்களா கூட்டிட்டு வான்னாங்க."

முதல் வருடப் பீஸுக்கு என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "அம்மா செயினை வெச்சாங்க. இந்த வருஷம் வெக்க ஒண்ணும் இல்ல" என்றான். குறையாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டால் சொல்வது மாதிரி சொன்னான். நான் எங்கெல்லாம் கையெழுத்துப் போட வேண்டுமோ அந்த இடங்களில் பென்சிலால் சின்னதாகப் பெருக்கல் குறி போட்டுவைத்திருந்தான். எனக்கு நேரம் வீணாகக் கூடாது என்று முந்தின நாள் ராத்திரியே உட்கார்ந்து போட்டிருக்க வேண்டும்.

எனக்கு அந்த நேரத்தில் முதலில் வந்தது பாசம் இல்லை, பயம். நான் அக்கவுண்ட்ஸில் வேலை பார்க்கிறவன். சேர்ந்து கையெழுத்துப் போட்டால் அந்தக் கடன் என் பெயரிலும் நிற்கும், நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கப் போனால் சிபில் என்கிற கடன் பதிவில் தெரியும் என்று கணக்கு ஓடியது. என் முகத்தில் அது தெரிந்திருக்கும்போல. அவன் அவசரமாகச் சொன்னான்: "உங்களுக்குப் பாரம் வராதுப்பா. படிக்கும்போது கட்ட வேண்டியதில்ல. கோர்ஸ் முடிஞ்சு ஒரு வருஷம் டைம் இருக்கு, அதுக்கப்புறம்தான் ஆரம்பிக்கும். நான் வேலைக்குப் போய்க் கட்டிடுவேன்."

கோர்ஸ் முடிஞ்சு ஒரு வருஷம். அந்த விண்ணப்பத்திலும் அப்படித்தான் போட்டிருந்தது. எனக்கு அந்த பேக்கரிச் சத்தம் எதுவும் காதில் விழவில்லை. அவன் படிப்பு 2027 மே மாதம் முடியும். வட்டிக்குக் கடன் கொடுக்கிற ஒரு வங்கி, அவனை முன்பின் தெரியாத ஒரு வங்கி, 2028 வரைக்கும் காத்திருக்கத் தயாராக இருக்கிறது. படித்துக்கொண்டிருக்கும் பிள்ளையால் கட்ட முடியாது, படிப்பு முடிந்த மறுநாளே வேலை கிடைத்துவிடாது என்று அதற்குத் தெரிந்திருக்கிறது. அவனைப் பெற்ற நான் 2023 அக்டோபரிலேயே முடித்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை அவனோடு வங்கிக்குப் போனேன். எனக்கு உள்ளுக்குள் இருந்த கேள்வியை அந்த அதிகாரியிடம் கேட்டுவிட்டேன். "பையனுக்குத்தான் 18 ஆகிடுச்சே சார், அவன் பேர்லயே தர முடியாதா?" அவர் ஃபைலைப் புரட்டிக்கொண்டே, "18 ஆனா கையெழுத்துப் போடலாம் சார். வருமானம் யாருக்கு இருக்கு?" என்றார். நான்கு லட்சம் வரைக்கும் சொத்து ஈடு வேண்டாம், ஆனால் பெற்றோரில் ஒருவர் கூடவே கடன்காரராக நிற்க வேண்டும், அதுதான் விதி. கோர்ட் தாளில் 18 வயதில் அவனுக்கு இனி நான் தேவையில்லை. வங்கித் தாளில் அதே 18 வயதில் நான் இல்லாமல் அவன் இல்லை.

18 எங்கிருந்து வந்தது

அதற்குப் பிறகு ஒரு பைத்தியம் மாதிரி இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன், தெரிந்த வக்கீல் ஒருவரை விடாமல் தொல்லை செய்தேன். 18 என்பது 1875-இல் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த வயதுவந்தோர் சட்டத்தில் இருந்து வருகிறது. பத்திரம் எழுத, சொத்து வாங்க விற்க ஒருவருக்கு எப்போது தகுதி வருகிறது என்பதற்காக வைத்த கோடு. அதிலும்கூட, கோர்ட் கார்டியன் நியமித்த பிள்ளைக்கு 21 வயது என்று 1999 வரைக்கும் இருந்தது. ஓட்டுப் போடும் வயது 1989 வரை 21. குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், 2006-ஐ எடுத்துப் பார்த்தால், 21 முடியாத ஆணை அது 'குழந்தை' என்றே சொல்கிறது. ஆக என் பையன் சொத்து விற்கலாம், ஓட்டுப் போடலாம், கல்யாணம் என்று வந்தால் குழந்தை. சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் மட்டும் அவன் பெரிய மனிதன்.

ஜீவனாம்சம் என்றால் நம் ஆட்கள் எல்லாருக்கும் தெரிந்த பிரிவு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125. 2024 ஜூலை 1 முதல் அது புதிய சட்டத்தில் 144-ஆவது பிரிவு. 2001 வரைக்கும் அதில் மாதம் 500 ரூபாய்தான் உச்சவரம்பு என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அதன்படி மைனர் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். மேஜர் ஆன பிறகு, உடல் அல்லது மனக் குறைபாடு காரணமாகத் தன்னைப் பார்த்துக்கொள்ள முடியாத பிள்ளைக்கு மட்டும்தான். படிப்பு அந்தக் காரணங்களில் இல்லை. அதே பிரிவைக் கொஞ்சம் கீழே படித்தால், தங்களைப் பார்த்துக்கொள்ள முடியாத தாய் தந்தைக்குப் பிள்ளை கொடுக்க வேண்டும் என்று இருக்கிறது. இது போதாது என்று 2007-இல் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கு என்றே ஒரு தனிச் சட்டம். நாளைக்கு எனக்கு முடியாமல் போனால் அவன் மேல் மனுப் போட எனக்கு வயது வரம்பே கிடையாது. என் கடமை அவனுக்கு 18 ஆனதும் தீர்கிறது, அவன் கடமை என் ஆயுள் முழுக்க. இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்துக்களுக்கு 1956-ஆம் வருடத்து தத்தெடுப்பு, ஜீவனாம்சச் சட்டம் இருக்கிறது. அதில் ஜீவனாம்சம் என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலேயே உணவு, உடை, உறைவிடம், கல்வி, மருத்துவம் என்று வரிசையாக வருகிறது. கல்வி அதில் இருக்கிறது. ஆனால் மகனுக்கு மைனராக இருக்கும் வரை. மகளுக்கு, அவளுக்குச் சொந்தமாக வருமானமோ சொத்தோ போதவில்லை என்றால், கல்யாணம் ஆகும் வரை. 2020-இல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது, மேஜர் ஆன, கல்யாணம் ஆகாத மகள் இந்தச் சட்டத்தில் தந்தையிடம் கேட்கலாம் என்று. எனக்கு இரண்டாவது கல்யாணத்தில் ஒரு பெண் குழந்தை, இப்போது மூன்றாம் வகுப்பு. அவளை வைத்து யோசித்துப் பார்த்தேன். பையனுக்குக் காலண்டரைப் பார்த்து முடிக்கிறோம், பெண்ணுக்குத் தாலியைப் பார்த்து முடிக்கிறோம். பெண் பிள்ளைக்கு அந்த நீட்டிப்பு நல்லதுதான், அதை எடுக்கச் சொல்ல மாட்டேன். ஆனால் 19 வயதில் கல்லூரியில் இருக்கும்போதே கல்யாணம் ஆகிவிட்டால் அவள் படிப்புச் செலவு என்ன ஆவது? இரண்டு அளவுகோலும் பிள்ளை எங்கே நிற்கிறது, என்ன படிக்கிறது, கையில் ஏதாவது வருமானம் வருகிறதா என்று கேட்கவே இல்லை.

கோர்ட்டுகள் இதைக் கவனிக்காமல் இல்லை. 2021 மார்ச்சில், கர்நாடகத்தில் இருந்து வந்த ஒரு வழக்கில், கல்லூரி முடித்தால்தான் ஒரு அடிப்படைப் பட்டமே கைக்கு வருகிறது, இந்தக் காலத்தில் 18 போதாது என்று சொல்லி, மகன் முதல் பட்டம் முடிக்கும் வரை தந்தை கொடுக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அதே வருடம் ஜூனில் தில்லி உயர் நீதிமன்றம், மகனுக்கு 18 ஆகிவிட்டால் முழுச் சுமையும் தாய் தலையில் விழுவதை ஏற்க முடியாது என்று, அவன் பட்டம் முடிக்கும் வரை அல்லது சம்பாதிக்கத் தொடங்கும் வரை, எது முந்துகிறதோ அதுவரை, தாய்க்கு மாதம் 15,000 கொடுக்கச் சொன்னது. ஆனால் இதெல்லாம் மேலே வரை போய்ப் போராடியவர்களுக்குக் கிடைத்தது. திருச்சியில் ஒரு டீச்சர் தில்லிக்கா போவார்? அவர் செயினை அடகு வைப்பார்.

நம் அரசாங்கத்துக்கே இது தெரிந்திருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு உயர்கல்விக்குப் போகும் பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண், பையன்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். கல்லூரியில் இருக்கும் பிள்ளைக்கு மாதா மாதம் கையில் காசு வேண்டும் என்று புரிந்துதான் கொடுக்கிறார்கள்.

எதிர்ப்பேச்சு

இதை நான் ஆபீஸில் சொன்னபோது எல்லாரும் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்குப் பக்கத்து நாற்காலி நண்பர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், சூடாகவே பேசினார். "எங்கப்பா பத்தாவதோட நிறுத்திட்டாரு. 16 வயசுல பனியன் கம்பெனிக்குக் கைமடி வேலைக்கு வந்தேன். 18 வயசுல டைலர். எங்க வீட்டுக்கு நான் பணம் அனுப்புனேன், எனக்கு யாரு அனுப்புனா? உன் பையனுக்கு மட்டும் என்ன?" அவர் சொன்னதை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த ஊரே அப்படி வந்த பிள்ளைகளின் முதுகில்தான் நிற்கிறது. ஆனால் நண்பரே, நீங்கள் 16 வயதில் நின்றது நல்லது என்று நினைத்திருந்தால் உங்கள் இரண்டு பிள்ளைகளையும் ஏன் காலேஜுக்கு அனுப்பினீர்கள்? அவருடைய பெண்ணுக்கு 23 ஆகும் வரை அவர்தான் பீஸ் கட்டினார். சேர்ந்து வாழும் வீடுகளில் எந்த அப்பாவும் பிறந்தநாளன்று "நாளையிலிருந்து உன் சாப்பாடு உன் பாடு" என்று சொல்வதில்லை. சொன்னால் ஊரே காறித் துப்பும். பிரிந்த வீட்டில் மட்டும் அது ஒழுங்கான செயலாகத் தெரிகிறது, எனக்கும் அப்படித்தான் தெரிந்தது. பிரிந்தது நானும் அவனுடைய அம்மாவும். அதற்கு அந்தப் பிள்ளைக்குத் தனி வயது வரம்பு எதற்கு?

நண்பர் இன்னொன்றும் கேட்டார், அதற்குத்தான் எனக்குப் பதில் சிரமமாக இருந்தது. பையன் ஒழுங்காகப் படிக்காமல் அரியர் மேல் அரியராக வைத்துக்கொண்டு 26 வயது வரை உட்கார்ந்திருந்தால்? இரண்டாவது குடும்பம் இருக்கிற ஒரு சாதாரணச் சம்பளக்காரன் என்ன செய்வான்? நியாயமான கேள்விதான். முடிவே இல்லாமல் கொடுக்கச் சொல்வதும் அநியாயம், அந்த அப்பாவுக்கு மட்டும் இல்லை, பிள்ளைக்கும். அதனால் முடிவு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. முடிவைப் பிறந்த தேதியில் கட்டாமல் படிப்பில் கட்டுங்கள் என்கிறேன். முதல் பட்டமோ டிப்ளமோவோ ஐடிஐயோ, அந்தப் படிப்புக்கு எத்தனை வருடமோ அதுவரை. வேலை தேட அதற்கு மேல் ஒரு ஆறு மாதமாவது. மூன்று வருடப் படிப்பை ஐந்து வருடம் இழுத்தால் அந்த இழுப்புக்கு அப்பா பொறுப்பில்லை. 18 வயதில் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிற பிள்ளைக்கு அன்றோடு முடிந்தது, அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. தாய் நல்ல சம்பளத்தில் இருந்தால் இருவர் வருமானத்துக்கும் ஏற்ப பங்கு போட்டுக்கொள்ளலாம், 2020-இல் உச்ச நீதிமன்றமே பிள்ளைகளின் படிப்புச் செலவு பற்றி அப்படித்தான் சொன்னது. அப்புறம், 18 ஆனபின் பணம் பிள்ளையின் கணக்குக்கே போகட்டும். மெஸ் பில் கட்டி, மிச்சத்தில் மாதத்தை ஓட்டிப் பழகட்டும். மேஜர் என்பதற்கு அப்படியாவது ஒரு பொருள் இருக்கட்டும்.

இரண்டாவது குடும்பம் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்ல முடியாது, என் மனைவிதான் சொன்னாள். வங்கியில் இருந்து வந்த அன்று ராத்திரி, மறுபடியும் அனுப்பலாம் என்று இருக்கிறேன் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம் என்று பொய் சொல்ல மாட்டேன். வாடகை ஏறியிருக்கிறது, பாப்பா பள்ளி வேன் பீஸ் ஏறியிருக்கிறது. ஒரு நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் கணக்குப் பார்த்தாள். அப்புறம் கேட்டாள், "கல்யாணம் ஆனதுல இருந்து அந்த ஆறாயிரம் இல்லாமத்தான நாம குடும்பம் நடத்தினோம்? நிறுத்தினப்புறம் அது எங்க போச்சு?" பைக்குக்குப் போனது. "அப்போ பைக்கைக் குடுத்துடுங்க" என்றாள். கொடுக்கவில்லை, தவணையை நீட்டி வாங்கிக்கொண்டோம். ஆனால் அவள் அப்படிக் கேட்டது எனக்குப் பெரிய பலமாக இருந்தது.

அதன் பிறகு

கடனில் கையெழுத்துப் போட்டேன், அவன் பெருக்கல் குறி போட்ட எல்லா இடத்திலும். மாதம் 8,000 அனுப்புகிறேன் என்று அவனிடம் சொன்னபோது உடனே சரி சொல்லவில்லை. "அம்மாகிட்ட சொல்லிட்டு சொல்றேன்பா" என்றான். இரண்டு நாள் கழித்து அவரே எழுதினார்: "அவன் கணக்கில் போடுங்கள். எனக்கு வேண்டாம்." விட்டுப்போன ஒன்பது மாதத்துக்கு 54,000 வருகிறது, செயினை மீட்டுக்கொள்ளுங்கள் என்று கேட்டுப் பார்த்தேன். அதற்கு அவர் பதில் எழுதவில்லை. கடைசியில் அதை மூன்று தடவையாக இரண்டாம் வருடப் பீஸில் கட்டினேன், கடன் தொகை அந்த அளவுக்குக் குறைந்தது. செயின் இன்னும் அடகில்தான் இருக்கிறது என்று பையன் சொல்கிறான்.

இப்போது மாதம் ஒரு தடவை கோயம்புத்தூர் போகிறேன். ஹாஸ்டல் வாசலில் நின்று பேசுவோம், சில நாள் வெளியே போய்ச் சாப்பிடுவோம். ஒரு தடவை மெஸ் பில்லை மொபைலில் காட்டினான். முதல் வருடம் நவம்பர் முதல் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தி வைத்திருந்திருக்கிறான், பில் குறையும் என்று. நான் கேட்காமல் இருந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டான். வேறு எதையோ தேடும்போது அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. நவம்பர். நான் நிறுத்திய அடுத்த மாதம்.

அந்தத் தம்பிக்கு நேற்றுதான் பதில் அனுப்பினேன். அவன் அனுப்பிய தாளை பிரிண்ட் எடுத்து, "மேஜர் ஆகும் வரை" என்பதை அடித்துவிட்டு, பக்கத்தில் "முதல் பட்டம் அல்லது தொழிற்படிப்பு முடிந்து ஆறு மாதம் வரை, அல்லது வேலையில் சேரும் வரை, எது முந்துகிறதோ அதுவரை, தொகை வருடா வருடம் உயரும்" என்று பேனாவால் எழுதிப் போட்டோ எடுத்து அனுப்பினேன். வக்கீல் இதைச் சட்ட மொழியில் மாற்றிக்கொள்வார். இரண்டு பேரும் ஒப்புக்கொண்டு எழுதினால், பையன் பிற்பாடு யார் வாசலிலும் நிற்க வேண்டியிருக்காது. பத்து நிமிடத்தில் போன் வந்தது.

"அண்ணா, இப்படி எழுதினா இன்னும் 16 வருஷம் ஆகுமேண்ணா."

"ஆமா, ஆகும்" என்றேன்.

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பின்னால் அவன் பையன் எதற்கோ கத்திக்கொண்டிருந்தது கேட்டது. ஞாயிற்றுக்கிழமை, இவனிடம் இருக்கும் நாள். "இருங்கண்ணா, ஷூ மாட்டிவிடச் சொல்றான்" என்று போனை வைத்தான்.